அவர் எங்கே பார்க்கிறார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தெருவில் யாராவது அண்ணாந்து பார்த்தால் என் தலையும் தானாக நிமிர்ந்துவிடுகிறது. பிறகு வெட்கமாக இருக்கிறது. இது வெறும் வேடிக்கை பார்க்கும் புத்தியா?

வெட்கம் எதற்கு? அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் குழுவினர் 1969இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். நியூயார்க் நடைபாதையில் தங்கள் ஆளை நிறுத்தி, எதிரே ஆறாவது மாடி ஜன்னலைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரே ஒருவர் பார்த்தபோதே வழிப்போக்கர்களில் நூற்றுக்கு 42 பேர் அண்ணாந்தார்கள். 15 பேர் பார்த்தபோது 86 பேர். ஆனால் நடையை நிறுத்தி நின்றவர்கள் முதலில் 4 பேர்தான், பிறகு 40. கண் போவது வேறு, கால் நிற்பது வேறு. பின்னதைத்தான் வேடிக்கை பார்ப்பது என்பேன்.

கேள்வி: மனது வைத்தால் இதை அடக்க முடியாதா?

முழுதாக முடியாது. 1998இல் ஃப்ரீசன், கிங்ஸ்டோன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கணினித் திரையில் ஒரு கோட்டோவிய முகத்தைக் காட்டினார்கள். 'இந்தக் கண்கள் பார்க்கும் பக்கத்தை நம்ப வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லியும், அந்தப் பக்கம் தோன்றிய எழுத்தைத்தான் ஆட்கள் சற்று வேகமாகக் கண்டுகொண்டார்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து மாதம். நான் எதிரே உள்ள பொம்மையைப் பார்த்தால் அவளும் பார்க்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் உள்ள கடிகாரத்தைப் பார்த்தால் திரும்புவதே இல்லை. கவலைப்பட வேண்டுமா?

இதற்காக வேண்டாம். தன் கண்ணுக்கு எட்டாத இடத்தையும் ஒரு குழந்தை தேடித் திரும்புவதற்கு ஏறக்குறைய ஒன்றரை வயதாகிவிடும். இப்போது அவளிடம் நடப்பதே பெரிய மாற்றம். ஒன்பது மாதத்தில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாலும் குழந்தை அந்தப் பக்கம் திரும்பும். தலைதான் அதற்குக் கணக்கு. பத்து, பதினோரு மாதத்தில் திறந்த கண்ணுக்கும் மூடிய கண்ணுக்கும் வித்தியாசம் பிடிபடுகிறது. நீங்களே விளையாட்டாகச் செய்து பாருங்கள், ஒரு நாள் திரும்பாவிட்டால் பதறாதீர்கள். ஒன்றரை வயதிலும் நீங்கள் பார்ப்பதையோ சுட்டிக்காட்டுவதையோ பெரும்பாலும் பின்தொடராவிட்டால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்டிசத்துக்கான முதற்கட்டக் கேள்வித்தாளிலும் இந்தக் கேள்வி உண்டு. ஆனால் அந்த ஒன்றை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது.

கேள்வி: கூலிங் கிளாஸ் போட்டவரிடம் பேசினால் சங்கடமாக இருக்கிறதே?

கண்ணின் வெள்ளை மறைந்துவிடுகிறது, அதுதான் காரணம். மனிதக் கண்ணில் வெள்ளை அதிகம் தெரிவதால் கருவிழி எந்தப் பக்கம் என்று எளிதில் கண்டுகொள்கிறோம். 2007இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், சிம்பன்சி போன்ற குரங்கினங்கள் பெரிதும் தலையின் திசையைப் பார்த்தன. மனிதக் குழந்தைகள் கண்ணின் திசையை. போக்கர் சீட்டாட்டக்காரர்கள் சிலர் அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போடுவது ஸ்டைலுக்கு மட்டும் இல்லை.