மினுங்குற சின்னச் சாமான்களை ஸ்கான் எடுக்கிறது: கேள்வி பதில்

நிலாவெளியில இருந்து: அண்ணை, ஒரு சோழியை 80 படம் எடுத்து மெட்டாஷேப்பில (படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவம் செய்யிற மென்பொருள்) போட்டன். முதுகுப் பக்கம் முழுக்கக் குழியும் மேடுமா வருது. படம் காணாதா?

படம் காணும், பிழை வெளிச்சத்தில. எல்லாப் படத்திலயும் ஒரே புள்ளியைத் தேடிப் பிடிச்சுத்தான் மென்பொருள் ஆழத்தைக் கணக்குப் போடுது. சோழி முதுகில தெரியிற வெள்ளைப் பளபளப்பு சோழியோட ஒட்டின புள்ளியில்லை, லைற்றின்ர விம்பம். சோழியைத் திருப்பினாலும் அது திரும்பாம நிண்ட இடத்திலயே நிக்கும். அதையும் மேற்பரப்பெண்டு நம்பினா குழிதான் வரும்.

முதல்ல ஒண்டைப் பாருங்கோ: சாமான் உலோகமா, இல்லையா? சோழி, சங்கு, பிளாஸ்ரிக், மெருகு பூசின மட்பாண்டம் எல்லாம் உலோகமில்லை. இதுகளுக்குக் குறுக்குப் பொலரைசேஷன் அருமையா வேலை செய்யும். பொலரைசர் எண்டது ஒரு திசையில அதிர்ற ஒளியை மட்டும் விடுற வடிகட்டி; லைற்றில ஒண்டும் லென்ஸில ஒண்டும் குறுக்கா நிண்டா பளபளப்பு மறிபடும். லைற்றுக்கு முன்னால நேர்ப் பொலரைசர் தாள், லென்ஸில சி.பி.எல். எண்ட வட்டப் பொலரைசர் ஃபில்ற்றர். சோழி இருக்கிற இடத்தில ஒரு எவர்சில்வர் கரண்டியை வைச்சு, கரண்டியில லைற்றின்ர விம்பம் கருஊதாவா மங்கும்வரை ஃபில்ற்றரைத் திருப்புங்கோ. அதுதான் சரியான கோணம். பிறகு அதைத் தொடக்கூடாது. ரெண்டு லைற் எண்டா ரெண்டு தாளும் ஒரே திசையில நிக்கவேணும். ஜன்னல் வெளிச்சம் துளி வந்தாலும் பளபளப்புத் திரும்பி வரும், அதால இரவில எடுக்கிறது நல்லது. வெளிச்சம் ஏறக்குறைய 3 ஸ்ரொப் குறையும், அதாவது எட்டு மடங்கு நேரம் திறக்கவேணும். முக்காலியும் 2 செக்கன் ரைமரும் கட்டாயம்.

மூதூர்: பழுதான எல்.சி.டி. மொனிற்றரில இருக்கிற தாள் சரிவருமா?

வரும். பசை மிஞ்சினா மங்கலாகும், துடைச்சு எடுங்கோ. கைபேசித் திரைக்கு மேல பிடிச்சுத் திருப்பேக்க திரை இருண்டா அது பொலரைசர்தான். எல்.ஈ.டி. லைற்றுக்கு மட்டும் போடுங்கோ; ஹலோஜன் சூட்டில தாள் சுருண்டு போகும்.

தம்பலகாமம்: அண்ணா, பித்தளைக் குங்குமச் சிமிழுக்கும் இதையே செய்தன். சிமிழ் கறுப்பா வந்திட்டுது.

அப்பிடித்தான் வரும், தங்கச்சி. சோழிக்குள்ள போய்ச் சிதறி வாற ஒளி பொலரைசேஷனை இழந்திடும். அது ஃபில்ற்றரைத் தாண்டி வந்து நிறத்தைக் காட்டும். உலோகத்தில உள்ள போற ஒளி திரும்பி வராது. மேலால தெறிக்கிறது மட்டும்தான், அதையும் ஃபில்ற்றர் மறிச்சா என்ன மிஞ்சும்?

உலோகத்துக்கு மேற்பூச்சுத்தான் வழி. கற்பூரம் மாதிரித் தானாகவே ஆவியாகிற ஸ்கான் ஸ்ப்ரே கிடைச்சா அது சுத்தம். ஆனா கச்சான் அடிக்கிற நாளில, சூட்டிலயும் காத்திலயும், பெட்டியில எழுதின நேரத்துக்கு முந்தியே கரையும். படம் பாதியில நிக்கேக்க பூச்சுப் போனா அந்தத் தொகுதி வீண். மின்விசிறியை நிப்பாட்டி, விடியக்காலமை எடுங்கோ.

மலிவு வழி: 100 மில்லி ஐசோபுரொப்பைல் அல்ககோலில 5 கிராம் ரல்க் பவுடர். ஒவ்வொரு முறையும் குலுக்கி, 30 சென்ரிமீற்றர் தள்ளி நிண்டு மெல்லிசா மூண்டு நாலு தரம் அடியுங்கோ. பக்கத்தில நெருப்போ விளக்கோ வேண்டாம். தடிப்பா அடிச்சா சிமிழின்ர செதுக்கு வேலை மூடிப்போகும்.

வெறும் வெள்ளையும் ஆகாது, பிடிக்கப் புள்ளி வேணும். பழைய பல்துலக்கியைக் கரைச்ச கறுப்பு நீர்வர்ணத்தில தோய்ச்சு, விரலால தட்டிப் பொட்டுப் பொட்டாத் தெளியுங்கோ. இதில வடிவம் மட்டும்தான் கிடைக்கும். நிறத்துக்குப் பூச முந்தியே படம் எடுத்து வையுங்கோ.

கிண்ணியா: நானா, வி.ஓ.சி. (ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி) முத்திரை போட்ட ஒல்லாந்தர் செப்புக்காசுக்கும் அடிக்கலாமா?

வேண்டாம், தம்பி. பழங்காசில பவுடரும் அல்ககோலும் படக்கூடாது. களிம்பு பிடிச்ச செம்பு புதுப்பித்தளை அளவுக்கு மினுங்காது. வெள்ளை ரிஷ்யூத் தாளால கூடாரம் மாதிரிக் கட்டி, வெளியில இருந்து லைற் விட்டாக் காணும். தலையிடி விளிம்புதான்: ரெண்டு முகத்தையும் படுக்க வைச்சு எடுத்தா ஒண்டோட ஒண்டு ஒட்டாது. காசை மெழுகுக்களியில நிமித்தி, 5 பாகைக்கு ஒண்டா 72 படம் எடுங்கோ. அந்தச் சுற்றுத்தான் ரெண்டு முகத்தையும் சேர்க்கும்.

உப்புவெளி: லென்ஸ் துளையை நல்லாச் சின்னதாக்கி எஃப் 22 வைச்சா எல்லாம் கூர்மையாகாதா?

ஆகாது. ஏ.பி.எஸ்.-சி அளவு சென்சர் உள்ள கமெராவில 8 சென்ரிமீற்றர் அகலம் சட்டத்தை நிரப்பேக்க, எஃப் 11 இல கூர்மையான ஆழம் கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர். எஃப் 22 அதை இரட்டிப்பாக்கும், ஆனா சின்னத் துளையால போற ஒளி வளைஞ்சு பரவுறதால (விளிம்புவளைவு) படம் முழுக்க மென்மையாகும். எஃப் 11 இல நிண்டு படத்தைக் கூட்டுங்கோ: 10 பாகைக்கு ஒண்டு, மூண்டு உயரம், சாமானைக் கவிழ்த்துத் திரும்ப மூண்டு. 216 வரும்.

பாலையூற்று: தட்டில சுத்தேக்க எல்லாப் படமும் ஒரே இடத்தில குவியுது.

பின்னணி அசையாம நிக்கிறதால மென்பொருள் அதைப் பிடிக்குது. கறுப்பு வெல்வெற் போட்டு, மென்பொருளில பின்னணியை மாஸ்க் பண்ணுங்கோ, அதாவது மறைச்சு விடுங்கோ. தட்டில ரெண்டு குறி வைச்சு, இடைத்தூரத்தை வேணியரால அளந்து குடுங்கோ. இல்லாட்டி சோழி எத்தனை மில்லிமீற்றர் எண்டு மென்பொருளுக்குத் தெரியாது.