மூலையில் ‘பி.எஃப்.’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். பழைய பொருள் சந்தையில் 40 பவுண்டுக்கு ஒரு சிறிய நீர்வண்ண ஓவியம் வாங்கினேன். குடிசை வாசலில் குழந்தைகள், வேலியோரம் ஆடுகள். மூலையில் ‘பி.எஃப்.’ என்று பின்னிய எழுத்து. பர்க்கெட் ஃபாஸ்டர் என்ற பழைய ஆங்கிலேய ஓவியர் வரைந்தது என்கிறார் ஒரு வியாபாரி. 250 பவுண்டு கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருவாராம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தக் காகிதத்துக்கு ஏலத்தில் மதிப்பே கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் எழுதித் தருகிறவர் ‘இது போலி’ என்று எழுதி நான் பார்த்ததில்லை.

மைல்ஸ் பர்க்கெட் ஃபாஸ்டர் (1825–1899) உயிரோடு இருந்தபோதே நல்ல விலைக்குப் போனவர். அதனாலேயே அவர் பெயரில் போலிகள் ஏராளம். அந்தப் பின்னல் எழுத்தை எவரும் ஒரே மாலையில் பழகிக்கொள்ளலாம். ஆகவே கையொப்பத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் இலைகளையும் குழந்தைகளின் விரல்களையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நீர்வண்ணத்தில் முழுமூச்சாக இறங்குவதற்கு முன் பல வருடம் மரச்செதுக்கு அச்சுக்காக (மரக்கட்டையில் படத்தைச் செதுக்கித் தாளில் பதிப்பது) படம் வரைந்தவர் அவர். லேண்டெல்ஸ் என்ற செதுக்குநரிடம் தொழில் கற்றவர். அந்தப் பொடி வேலை கையை விட்டுப் போகவே இல்லை. ஈரம் குறைந்த மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாக, குட்டிக் கோடுகளாக வைப்பார். வெளிச்சம் படும் இடங்களில் வெள்ளை வண்ணத்தையும் கலப்பார். போலிகளில் இலைகள் குழம்பிப் பசையாகிவிடும், முகங்கள் பொம்மை மாதிரி இருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். அவர் படங்கள் வண்ணக் கல் அச்சிலும் (கல்லில் வரைந்து, வண்ணம் வண்ணமாகத் தாளில் பதிப்பது) ஏராளமாக வந்தன. ‘லென்ஸில் புள்ளி தெரிந்தால் அச்சு’ என்று பலரும் சொல்லித் தருவார்கள். ஃபாஸ்டர் விஷயத்தில் இது உங்களைக் கவிழ்த்துவிடும், ஏனென்றால் அவரே புள்ளி வைத்து வரைந்தவர். கல் அச்சின் புள்ளிகளும் கையால் வைத்தவைதான். இன்றைய அச்சுபோல வரிசையாக இருக்காது. அப்புறம் எப்படிப் பிரிப்பது? அச்சில் ஒரு புள்ளி முழுக்க ஒரே அடர்த்தி. தூரிகைப் புள்ளியில் வண்ணம் ஓரத்தில் தேங்கி, நடுவில் வெளிறியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் வெள்ளை வண்ணம் லேசாக மேடு தட்டும். அச்சில் பெரும்பாலும் வெறும் தாள்தான் வெள்ளை. ஆனால் மேடு தெரிந்த மாத்திரத்தில் குதிக்க வேண்டாம், அச்சின்மேல் கையால் வண்ணம் தீட்டி விற்றவர்களும் உண்டு.

சரி, யாரிடம் காட்டுவது? பெரும்பாலான ஏல நிறுவனங்கள் புகைப்படம் அனுப்பினால் இலவசமாகவே மதிப்புச் சொல்லும். இரண்டு இடங்களில் கேளுங்கள். விற்கக் கொடுத்தால் கமிஷனோடு புகைப்படம் எடுக்க, காப்பீடு செய்ய, சில இடங்களில் விற்காமல் திருப்பி எடுக்கவும் தனித்தனிக் கட்டணம் போடுவார்கள். அதை எழுத்தில் வாங்குங்கள். ஏலப் பட்டியலில் ‘அவர் பாணியில்’, ‘அவருடையதாகக் கருதப்படுவது’ என்று வழவழவென்று எழுதியிருந்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்று அர்த்தம். இப்படி மழுப்புவதற்கும் சேர்த்துத்தான் கமிஷன்!

‘சுத்தம் செய்து தருகிறேன்’ என்று எவராவது கேட்டால் படத்தைக் கையிலேயே கொடுக்காதீர்கள். பதில் வரும்வரை வெயில் படாத சுவரில் மாட்டி வையுங்கள்.