பிரிண்ட் மங்கலா? முதலில் கிரெய்னைப் பாருங்கள்

நெகடிவ் கூர்மையாகத்தான் இருக்கிறது. இருட்டறையில் 8×10 அங்குலப் பிரிண்ட் போட்டால் மங்கலாக வருகிறது. நெகடிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரின் லென்ஸை மாற்றிவிடவா?

அவசரப்படாதீர்கள். காய்ந்த பிரிண்டை நல்ல வெளிச்சத்தில் வைத்து, வானம், சுவர் மாதிரி சாம்பல் நிறப் பகுதி ஒன்றைப் பூதக்கண்ணாடியால் உற்றுப் பாருங்கள். கிரெய்ன், அதாவது ஃபிலிமின் பொடித் துகள்கள், மணல் தூவியதுபோலத் துல்லியமாகத் தெரிந்து, முகம் மட்டும் மங்கலாக இருந்தால், என்லார்ஜர் மேல் பழியில்லை. படம் எடுத்தபோதே கேமரா ஆடியிருக்கும், அல்லது ஃபோகஸ் தவறியிருக்கும். நெகடிவ் கையில் இருக்கும்போது கூர்மையாகத் தெரிவதை நம்பக் கூடாது. அவ்வளவு சிறியதில் எல்லாமே கூர்மைதான். கிரெய்னும் சேர்ந்து குழைந்திருந்தால் மட்டும் இருட்டறையில் கோளாறு தேடுங்கள்.

அடிப்பலகையில் வைத்துக் கிரெய்னைப் பெரிதாக்கிக் காட்டும் ஃபோகசரில் பார்த்து ஃபோகஸ் வைத்தேன். பிரிண்டில் ஓரங்கள் சரி, நடுப்பகுதி மங்கல்.

நெகடிவ் சூட்டில் உப்பிக்கொள்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் நான் ஒரு வாரம் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்!

நீங்கள் ஃபோகஸ் பார்க்கும்போது விளக்கு நீண்ட நேரம் எரிகிறது, ஃபிலிம் சூடாகி நடுவில் வளைந்திருக்கிறது. அப்புறம் விளக்கை அணைத்து பேப்பர் வைப்பதற்குள் ஆறித் தட்டையாகிவிடுகிறது. எக்ஸ்போஷர் ஓடும்போது பாதியில் மறுபடி வளைகிறது. ஆகவே லென்ஸுக்குக் கீழே கருப்பு அட்டையைப் பிடித்து விளக்கைப் போடுங்கள். நெகடிவ் சூடாகும்வரை காத்திருந்து, அட்டையை எடுத்து எக்ஸ்போஸ் செய்யுங்கள். நெகடிவை இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிடிக்கும் கண்ணாடி கேரியர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் தூசி துடைக்க நான்கு பரப்புகள் கூடிவிடும். ஃபிலிமின் வழவழப்பான பக்கம் படும் மேல் கண்ணாடி, நியூட்டன் வளையம் (வழவழப்பான இரு பரப்புகள் ஒட்டும்போது தெரியும் வளையங்கள்) விழாத சொரசொரப்பு வகையாக இருக்க வேண்டும்.

இடது பக்கம் கூர்மை, வலது பக்கம் மங்கல்.

நெகடிவ், லென்ஸ், அடிப்பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. முதலில் கேரியர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, லென்ஸைத் தாங்கும் லென்ஸ் போர்டின் திருகு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும். இல்லையென்றால், முழுக்கக் கறுத்த ஃபிலிம் துண்டு ஒன்றின் எமல்ஷன் (படம் பதியும் பூச்சு உள்ள) பக்கத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் ஊசியால் கோடு கீறி, கேரியரில் போடுங்கள். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து வைத்தே சோதியுங்கள்; மூடினால் குறை ஒளிந்துகொள்ளும். மூலைகளில் சாதாரண ஃபோகசர் இருண்டுவிடும், அதனால் வெள்ளைத் தாளில் விழும் கோட்டைக் கண்ணால் பார்ப்பதே நல்லது. எந்த மூலை மங்குகிறதோ அதற்கேற்ப லென்ஸ் போர்டின் ஒரு பக்கத்தில் மெல்லிய அட்டைத் துண்டு செருகிப் பாருங்கள்.

லென்ஸ் துளையை எஃப் 22-க்கு மூடினால் கூர்மை கூடுமா?

கூடாது, குறையும். துளை மிகச் சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். எஃப் 2.8 லென்ஸ் என்றால் 5.6 அல்லது 8 போதும். மூடிய பிறகு ஃபோகஸை மறுபடி ஒருமுறை பாருங்கள். சில லென்ஸ்களில் அது நகரும்.

ஃபோகசருக்கு அடியில் பேப்பர் வைத்துத்தான் ஆக வேண்டுமா?

வைத்தால் நஷ்டமில்லை. ஆனால் பேப்பர் பக்கம் உயரம் சற்று மாறினாலும் ஃபோகஸ் தாங்கும். நெகடிவ் பக்கம்தான் மயிரிழை நகர்ந்தாலும் கெடும்.

கோடுகள் இரட்டை இரட்டையாக வருகின்றன.

எக்ஸ்போஷரின்போது ஏதோ அசைகிறது. என்லார்ஜர் வைத்த மேசையில் டைமரைத் தட்டாதீர்கள், கால் சுவிட்ச் நல்லது. என்லார்ஜரின் தூண் உயரமாக இருந்தால் மேல்முனையைச் சுவரோடு பிணையுங்கள். பேப்பரைப் பிடிக்கும் சட்டமான ஈசலில் பேப்பர் நழுவுகிறதா என்றும் பாருங்கள்.