முளைக்காத கௌபியைக் கிளறிப் பாருங்கள்

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் மேட்டுக்காணியில் ஐப்பசி முதல் மழை பெய்த மறுநாளே கௌபி (தட்டைப்பயறு) ஊன்றினோம். பிறகு எட்டு நாள் மழையே இல்லை. பாதிக்கு மேல் முளைக்கவில்லை. முளைத்ததும் இரண்டு இலையோடு நிற்கிறது. விதை பிழையா?

பதில்: விதையைக் குறை சொல்ல முதல், வரிசையில் நாலைந்து இடத்தில் விரலால் கிளறி, முளைக்காததை எடுத்துப் பாருங்கள்.

போட்டபடியே கல்லுப்போல் இருந்தால் ஈரம் எட்டவில்லை. அடுத்த மழைக்கு முளைக்கக்கூடும். முளைவேர் சிறிது நீண்டு, நுனி கபிலமாகக் கருகியிருந்தால் அது இனி இல்லை. உங்கள் காணியில் நடந்தது பெரும்பாலும் இதுதான். கௌபி முளைக்க ஏறத்தாழத் தன் எடையளவு தண்ணீர் குடிக்க வேண்டும். வேர் தோலைக் கிழிக்க முன் காய்ந்தால் ஓரளவு தாங்கும். கிழித்தபின் காய்ந்தால் மீளாது. அதனால் மழையே இல்லாததைவிட அரைகுறை மழைதான் கூடுதலாகக் கெடுக்கும்.

விதை ஊதி, நசித்தால் கூழாகி நாறினால், தண்ணீர் கூடிக் காற்றில்லாமல் அழுகியது. முளையின் வெள்ளைக் கழுத்து வளைந்தபடி மண்ணுக்குள் நின்றால் மேல்மண் இறுகிவிட்டது. கௌபி பருப்பிரண்டையும் தூக்கிக்கொண்டே மேலே வரும். மழை அடித்துக் காய்ந்த செம்மண் ஓடுபோல் ஆகிக் கழுத்தை முறித்துவிடும். அப்படியானால் இன்று பின்னேரமே பூவாளியால் மெல்லத் தெளியுங்கள்.

நிற்கும் கன்றுகளைப் பிடுங்க வேண்டாம். ஈரம் குறைந்தால் முதலில் வளராமல் நிற்பது இலைதான். வேர் கீழே ஈரம் தேடிப் போய்க்கொண்டிருக்கும். மத்தியானம் இலை சரிந்து நிற்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வெயில் நேரே படாமல் அது இலையைத் திருப்புகிறது. விடியற்காலையிலும் வாடி நின்றால்தான் தண்ணீர் கட்ட வேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே படர்ந்து, ஒரு வெயிலுக்குக்கூடத் தாங்காது. கட்டுவதானால் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை 15 சென்ரிமீற்றர் ஆழம் நனையக் கட்டுங்கள்.

வெற்றிடங்களை இந்தக் கிழமைக்குள் நிரப்புங்கள். பிந்தினால் மூத்த கன்றின் நிழலில் புதியது எழும்பாது. அதற்கு முன் 100 விதையை ஈரச்சாக்கில் சுற்றி ஐந்து நாள் வையுங்கள். 80 முளைத்தால் விதையில் குறையில்லை. ஊன்றும் நாளில் 15 சென்ரிமீற்றர் ஆழ மண்ணை அள்ளிப் பிடியுங்கள். உருண்டையாக நிற்காவிட்டால் ஊன்றவே வேண்டாம். கிணறு இருந்தால் முதலில் நிலம் நிறையத் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டு, மண் காலில் ஒட்டாத பதத்தில் 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுங்கள். முளை வெளிவரும் நாலைந்து நாளும் மேலே தண்ணீர் தேவையில்லை. ஊறவைத்த விதையைக் காய்ந்த மண்ணில் போடவே கூடாது. ஈரத்தை மண் திருப்பி உறிஞ்சிவிடும்.

கிணற்றுத் தண்ணீர் வாயில் உவர்த்தால் அதை முளைப்புக்குப் பாவிக்காதீர்கள். மண் நனைந்தே இருந்தாலும் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், விதையால் அதை இழுக்க முடியாது.