கமோடோர் 64-க்குப் புதிய சிப்: கடிதம்

அன்புள்ள சார்,

என் கமோடோர் 64 கணினியில் படம் வருகிறது, சத்தம் இல்லை. ஒலிச் சிப்புக்கு மாற்றாக இப்போது புதிய சிப்புகள் செய்கிறார்களாம். போடலாமா? இன்றைய மைக்ரோகன்ட்ரோலர் என்னும் குட்டிக் கணினிச் சிப்பின் வேகத்துக்கு முன்னால் 1982-ஆம் ஆண்டுச் சிப் எம்மாத்திரம்? அதை நகலெடுக்க ஏன் இத்தனை பாடு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேகம் ஓரளவுக்கு உதவும். அந்தக் கணினியின் கடிகாரம் ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ். பிராசசர் கேட்டால் அரை மைக்ரோ நொடிக்குள் பதில் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்லிவிடலாம். 3.3 வோல்ட்டில் ஓடும் இன்றைய சிப்பை அந்தக் கணினியின் 5 வோல்ட் போர்டில் பொருத்தவும் வழி உண்டு.

பாடு எங்கே என்றால், பழைய சிப்பின் கோளாறுகளில். பாப் யானிஸ் வடிவமைத்த சிட் 6581 என்ற அந்த ஒலிச் சிப்பில் ஒலி அளவுக்கான 4 பிட்டை மாற்றும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். குறைதான். புரோகிராமர்கள் சும்மா விட்டார்களா? அந்த 4 பிட்டில் 0 முதல் 15 வரை எண்களை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி எழுதி, டிரம் அடியையும் மனிதக் குரலையுமே வரவழைத்துவிட்டார்கள்! பின்னால் வந்த 8580 என்ற சிட் சிப்பில் அந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்தார்கள். விளைவு, அதே விளையாட்டுகளில் டிரம் சத்தம் முனகலாகத் தேய்ந்துபோனது. ஆக, மாற்றுச் சிப் செய்பவர் பிழையையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும்.

ஒலியின் சில அதிர்வெண்களை வடிகட்டும் ஃபில்டர் சங்கதி இன்னும் மோசம். அது அனலாக், அதாவது எண்களால் அல்ல, நேரடியாக மின்னழுத்தத்தால் வேலை செய்வது. தயாரிப்பில் இருந்த ஏற்ற இறக்கத்தால் ஒரு 6581-இன் ஃபில்டர் போல இன்னொன்றினுடையது ஒலிக்காது. இதில் எதை அசல் என்று எடுத்துக்கொள்வது? ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட் போன்ற மாற்றுகளில் ஃபில்டரை நாமே திருத்திக்கொள்ளலாம். பொறுப்பை நம் தலையில் கட்டுகிறார்கள் என்று சிலர் குறைப்படலாம். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

சரி, உங்கள் கணினிக்கு வருவோம். தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதற்கு முன் பழைய பவர் அடாப்டரைத் தூக்கிப் போடுங்கள். அதற்குள் இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் பழுதானால் மின்னழுத்தம் ஏறிவிடும். நினைவகச் சிப்புகள் நிறைய அப்படித்தான் எரிந்துபோயிருக்கின்றன. புதிய சிப்பையும் அது விட்டுவைக்காது.