கறிவேப்பிலைப் புழுக்களுக்காக ஒரு வக்காலத்து

செம்பருத்தி நம் மலேசியாவின் தேசிய மலர். தோட்டத்துக்குப் பறவையும் பூச்சியும் வர அது ஒன்று இருந்தால் போதாதா? (செந்தூல்)

1960-இல் தேசிய மலரானதால் அது இந்த மண்ணின் செடி ஆகிவிடாது. வெளியிலிருந்து வந்ததுதான். வெட்ட வேண்டாம், தேன்சிட்டுக்குப் பிடிக்கும். ஒற்றை இதழ் ரகமாக வையுங்கள். அடுக்குப் பூ கண்ணுக்குத்தான் அழகு.

என் செடி வாடுகிறது, ஏன்? (ஊர் இல்லை)

எந்தச் செடி? தொட்டியா, தரையா? வெயில் எவ்வளவு? ஜோசியம் எனக்குத் தெரியாது.

வண்ணத்துப்பூச்சி வர என்ன பூச்செடி வைக்கலாம்? அப்புறம், கறிவேப்பிலையைப் புழு மொட்டையடிக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (பட்டர்வொர்த்)

அம்மா, நீங்கள் கொல்ல நினைப்பதும் வரவேற்க நினைப்பதும் ஒன்றுதான். முதலில் குருவி எச்சம் மாதிரி இருக்கும், பிறகு பச்சையாகும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பை நீட்டி நாறும். அதுதானே? இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் அது கூடு கட்டி, சிறகு விரித்துப் பறந்துவிடும். மரம் மறுபடி தளிர்க்கும். கறிவேப்பிலை அவ்வளவு சுலபத்தில் சாகாது.

மாதம் பத்து பேராவது இதே இரண்டு கேள்வியை ஒரே கடிதத்தில் எழுதுகிறார்கள். பூ வைத்தால் பூச்சி தேன் குடித்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். முட்டையிட இலை வேண்டும். அதுவும் குறிப்பிட்ட இலை. இந்த இனங்களுக்குக் கறிவேப்பிலை, கஸ்தூரி எலுமிச்சை. நம் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக்குக்கோ ஈஸ்வரமூலி வகைக் கொடி. மருந்து வேண்டாம். வேப்பெண்ணெயும் மருந்துதான், ‘இயற்கை’ என்று சொல்லிக்கொண்டு அடிக்காதீர்கள். அதே இலையைத்தானே நாளைக்கு ரசத்தில் போடப்போகிறீர்கள்? கன்று சிறியதென்றால் புழுவைக் கிளையோடு எடுத்து எலுமிச்சையில் விடுங்கள். என் வீட்டில் இரண்டு மரம். ஒன்று சாம்பாருக்கு, ஒன்று புழுவுக்கு.

இன்னொன்று: நர்சரியில் வாங்கிய செடியில் ஏற்கெனவே மருந்து ஏறியிருக்கலாம். புதுச் செடியில் புழு செத்தால் உங்கள் கைராசி காரணமில்லை.

சுங்கை பூலோ நர்சரியில் செண்டுடுக் (ஊதாப் பூ பூக்கும் புதர்ச்செடி) கேட்டால் சிரிக்கிறார்கள். (கெப்போங்)

சிரிக்கத்தான் செய்வார்கள். சாலையோரம் தானாக முளைப்பதைக் காசு கொடுத்துக் கேட்டால்? தெரிந்தவர் நிலத்தில் இருந்தால் கேட்டு ஒரு குச்சி வெட்டி நடுங்கள், காட்டில் பிடுங்காதீர்கள். பூத்ததும் காலையில் நின்று பாருங்கள். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து உறுமும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் உதிரும். மிச்சப் பழம் குருவிக்கு. தின்று பாருங்கள், நாக்கு கறுத்துவிடும்.

வௌவால் ரம்புத்தானைத் தின்கிறது. விரட்ட வழி? (பாலிக் பூலாவ்)

பழம் தின்னும் வௌவால் வேறு, தேன் குடிக்கும் வௌவால் வேறு. இரண்டாவது இல்லாவிட்டால் உங்கள் ஊர் டுரியான் விளைச்சல் படுத்துவிடும். டுரியான் பூ மாலையில் விரியும், மகரந்தம் சுமப்பவை பெரும்பாலும் இவைதான். பத்துமலைக் குகையிலிருந்து கிளம்பி 30, 40 கிலோமீட்டர் போய்க்கூட மேய்ந்துவிட்டுத் திரும்பும். வலை கட்டாதீர்கள், எல்லாமே சிக்கிச் சாகும். குலைக்குப் பை கட்டுங்கள். எட்டாத கிளையில் இருப்பது அவற்றுக்கு.

சுவர் ஓட்டையில் கெலுலுட் (சின்னத் தேனீ) கூடு. கொட்டுமா? (ஜெலுத்தோங்)

கொடுக்கே பயன்படாது. சீண்டினால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். சீண்டாதீர்கள். தீயும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

பதினான்காவது மாடி பால்கனியில் என்ன வைக்கலாம்? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

துளசி. கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். உயரம் கூடக்கூட விருந்தாளி குறைவார்கள், கோபிக்காதீர்கள்.

பறவைக்குத் தண்ணீர் வைத்தால் டெங்கி வராதா? (ஆயர் ஈத்தாம்)

வாரம் இரண்டு தடவை கொட்டி, உட்புறம் தேய்த்துக் கழுவினால் வராது. கொசு முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், அதனால்தான் தேய்க்கச் சொல்கிறேன். அதற்குச் சோம்பலாக இருந்தால் தண்ணீரே வைக்காதீர்கள்.