கயாக்கில் கடலுக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: முட்டுக்காட்டுக் கழியில் இரண்டு ஆண்டுகளாகக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் அமர்ந்து தூண்டில் போட்டு வருகிறேன். இனிக் கோவளத்திலிருந்து கடலுக்குள் சென்று பார்க்க ஆசை. ஒரு நாள் பயணம் எப்படி அமையும்? எதற்கு முதலில் ஆயத்தமாக வேண்டும்?
— வாசகர், கேளம்பாக்கம்

பதில்: கழியில் பழகிய கைக்குத் துடுப்பும் தூண்டிலும் புதிதல்ல; கடலில் உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது காற்று. ஆகவே பயணம் முதல் நாள் மாலையே தொடங்கிவிடுகிறது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, கரையில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும் மூத்த மீனவர் ஒருவரிடமும் கேளுங்கள். இரண்டில் ஒன்று வேண்டாம் என்றாலும் போக வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இந்தக் கரையில் காலை வேளைகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிலைமை வேறு. விடியற்காலையில் தரையிலிருந்து வீசும் மேற்குக் காற்று, தென்மாவட்டத்தார் கச்சான் என்று சொல்வது, கரையோரத்து அலையை அமுக்கிக் கடலைக் குளம்போலக் காட்டும். அந்தத் தோற்றத்தை நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு ஜூலை மாதக் காலையில், ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மீனிலேயே கண்ணாக இருந்தவன் நிமிர்ந்து பார்த்தபோது, கரையிலிருந்த தென்னைகள் புல்லைப்போலச் சிறுத்திருந்தன. பழகிய கை சும்மா இருக்கும் கடலில் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் போகும். எதிர்காற்று வலுத்தால் அதில் பாதிகூடத் தேறாது. அன்று கரை சேர எனக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. கொண்டுபோன தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மேற்குக் காற்று வீசும் நாளில் நான் கயாக்கைக் கடலில் இறக்குவதே இல்லை.

நல்ல நாளாக இருந்தால், வெளிச்சம் வந்த பிறகே இறங்குங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதைப் பத்து நிமிடம் நின்று கவனித்து, ஒரு கூட்டம் அடங்கிய இடைவெளியில், முனையை அலைக்கு நேராகப் பிடித்துத் தயங்காமல் துடுப்புப் போட வேண்டும். அலை முறியும் இடத்தைத் தாண்டும்வரை தூண்டில் கோல்கள் படுத்த நிலையில் கட்டப்பட்டிருக்கட்டும். தாண்டிய பின் ஒரு செயற்கை இரையைப் பின்னால் இழுத்துக்கொண்டே சென்றால், பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டு இருக்கும் இடத்தை அடைவதற்குள் சீலா மீனோ பாறை மீனோ மாட்டக்கூடும். பாரின் மேல் நின்று ஈயம் கட்டிய தூண்டிலை அடிவரை விட்டால் சங்கராவும் களவாவும் கிடைக்கும். பாரை மீண்டும் கண்டுபிடிக்க, கரையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு அடையாளங்களை இரு திசைகளில் நேர்கோட்டில் வைத்துப் பார்க்கும் மீனவர் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். கருவி இருந்தாலும் அது வீண்போகாது. முதல் சில பயணங்களில் ஒரு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். மதியம் நெருங்கக் கடற்காற்று எழுந்து அலையைக் கிளப்பும். பத்து மணிக்கெல்லாம் கரையில் இருங்கள், மீன் கடித்துக்கொண்டே இருந்தாலும் சரி.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். கவிழ்ந்தால் சமாளித்துக்கொள்ள அது போதாதா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: போதாது. நீந்தத் தெரிந்தவர்தான் படகை விட்டுக் கரையை நோக்கிப் புறப்படுவார், அதுவே ஆபத்து. உயிர்காப்பு உடையை அணிந்திருங்கள், கயாக்கை விடாதீர்கள், அதன்மேல் மீண்டும் ஏறப் பழகுங்கள். கவிழ்ந்த அடிப்பாகத்தின் குறுக்கே கையை நீட்டி, எதிர்ப்பக்க விளிம்பைப் பற்றி இழுத்துப் படகை நிமிர்த்துங்கள். பிறகு நடுப்பகுதியைப் பிடித்து, கால்களை உதைத்து உடலை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிறு இருக்கையின் மேல் படியும்வரை இழுத்துக்கொண்டு, புரண்டு அமர்ந்த பின்னரே கால்களை உள்ளே எடுங்கள். ஆள் துணையோடு, ஆழமான கழியில் பத்து முறை தொடர்ந்து செய்ய முடியாதவர் கடலுக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து.

மேல்தளத்தில் அமரும் வகைக் கயாக்கில் துளைகள் இருப்பதால், ஏறிய நீர் தானாகவே வடிந்துவிடும். நீரை உள்ளே தேங்கவிடாமல் வழியவிடும் இந்த உத்தி நம் கட்டுமரத்தில் பல தலைமுறைகளாக இருப்பதுதான். வடதுருவப் பகுதியின் இன்யூட் மக்கள் கடல்நாய்த் தோலால் மூடிச் செய்த பழைய கயாக் இதற்கு நேர்மாறானது. ஆளின் இடுப்பைச் சுற்றி நீர் புகாமல் அடைத்துக்கொள்வது.

கைப்பேசியை நீர் புகாத உறையிலிட்டுப் படகோடு அல்ல, உங்கள் உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

கேள்வி: பெரிய வஞ்சிரம் மாட்டினால் கயாக்கைக் கவிழ்த்துவிடும் என்கிறார்களே?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: கவிழ்ப்பது மீன் அல்ல, பிடிப்பவரின் அவசரம். மாட்டிய மீன் கயாக்கை இழுத்துக்கொண்டு போகும். கோலை முனைப்பக்கம் நீட்டி வைத்தால் படகு மீனின் பின்னால் திரும்பிக்கொள்ளும், மீனும் களைத்துவிடும். பக்கவாட்டில் கோலை வைத்து மல்லுக்கு நின்றாலோ, பக்கம் வந்த மீனை எக்கி எடுத்தாலோதான் கவிழ்வீர்கள். வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் பல் கூர்மையானது என்பதால், தங்கூசியின் (நைலான் தூண்டில் இழையின்) நுனியில் ஒரு சாண் எஃகுக் கம்பி சேர்த்தே முள்ளைக் கட்ட வேண்டும். உண்மையில் நான் அஞ்சுவது கெளுத்திக்குத்தான். அதன் முதுகு முள்ளும் பக்க முட்களும் நஞ்சுள்ளவை; குத்தினால் கரைக்கு வந்து, தோல் வெந்துபோகாத, தாங்கக்கூடிய சூட்டிலுள்ள நீரில் கையை அமிழ்த்தி வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். வலி சாதாரணமாக இராது.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் கயாக்கில் போகலாமா?
— வாசகர், கடலூர்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது, கையால் துடுப்புப் போடும் கலங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காப் பகுதிக்குள் எக்காலத்திலும் தூண்டில் போடக் கூடாது. எந்த ஊரில் இறங்கினாலும் அங்குள்ள மீனவர்களிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். ஆபத்தென்றால் முதலில் வந்து சேர்வது அவர்கள் படகாகத்தான் இருக்கும். வலையின் மிதவை கண்ணில் பட்டால் விலகிச் சுற்றிப் போங்கள். அதில் சிக்கி அறுந்த உங்கள் தூண்டில் முள், மறுநாள் வலை இழுப்பவரின் உள்ளங்கையில் ஏறும்.